குழந்தைக்கு வண்டி வேண்டுமா?

ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் இறங்கினால், தேனிக்கும் கோயமுத்தூருக்கும் போகிறவர்களின் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுத்தான் வெளியே வரவேண்டும். அப்படி வந்து, புட்டுத்தோப்புப் பக்கமாக ஒரு சந்தில் திரும்பினால் என் தங்கை மகள் வீடு. மாடியில் குடித்தனம். பதினெட்டுப் படிகள். படிகளை எண்ணி வைத்ததற்குக் காரணம் பின்னால் வரும்.

சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது, கூடத்தின் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. பிரிக்கப்படாத பெட்டி. மேலே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, பம்பரம் போன்ற வட்ட வண்டிக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

"மாமா, நல்ல சமயத்தில் வந்தீர்கள். நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்" என்றாள் மருமகள்.

வழக்கு இதுதான். அவளுடைய பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்திருக்கிறது. தவழ்கிறாள் என்று சொன்னால் போதாது. கண் மூடித் திறப்பதற்குள் கூடத்திலிருந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள். தாயும் தகப்பனும் காலை ஒன்பது மணிக்கு உத்தியோகத்துக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் திரும்புகிறார்கள். இடைப்பட்ட ஒன்பது மணி நேரமும் குழந்தை பாட்டியின் பொறுப்பு. பாட்டிக்கோ இரண்டு முழங்காலிலும் வலி. ஆகவே பிள்ளையாண்டான் ஒரு 'வாக்கர்' வாங்கி வந்துவிட்டான். மருமகளுக்கு அதில் இஷ்டமில்லை.

"அண்ணே, நீங்களே சொல்லுங்கள்" என்றார் சம்பந்தி அம்மாள். "எதிர் வீட்டுக் குழந்தை அந்த வண்டியில் எவ்வளவு சமர்த்தாக இருக்கிறது! நான் இந்தக் காலை வைத்துக்கொண்டு இவள் பின்னால் ஓட முடியுமா? வண்டியில் உட்கார வைத்தால் அரைமணி நேரமாவது ஓர் இடத்தில் இருப்பாள். சீக்கிரம் நடக்கவும் பழகிக்கொள்வாள்."

இந்தப் பேச்சில் இரண்டு நம்பிக்கைகள் கலந்திருக்கின்றன. வாக்கர் நடை பழக்கும் என்பது ஒன்று. குழந்தையைப் பத்திரமாக வைத்திருக்கும் என்பது மற்றொன்று. அநேகமாக எல்லா வீடுகளிலும் முதலாவதைச் சொல்லித்தான் வண்டி வாங்குகிறார்கள். உண்மையில் வேண்டியிருப்பது இரண்டாவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தை வளர்ப்பவளுக்கு இரண்டே கைகள்.

முதலில் நடையைப் பார்ப்போம். நடப்பதற்குக் குழந்தை என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது? எதையாவது பிடித்து எழுந்திருக்க வேண்டும். தன் பாரத்தை இரு பாதங்களிலும் தாங்க வேண்டும். சாயும்போது இடுப்பையும் முதுகையும் இழுத்து நேராக்க வேண்டும். நிற்க முடியாமற் போனால் தொப்பென்று பின்புறமாக உட்காரத் தெரிய வேண்டும். வாக்கரில் இந்த நான்கும் இல்லை. துணி இருக்கை பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. வட்டச் சட்டம் விழாமற் காக்கிறது. குழந்தை செய்வதெல்லாம் கால் விரல் நுனியால் தரையை உந்துவதுதான். முன்னால் உள்ள தட்டு மறைப்பதால் தன் காலைக்கூட அது பார்க்க முடியாது. இது நடையல்ல, சவாரி.

2002-ஆம் வருஷத்தில் அயர்லாந்து தேசத்தில் 190 குழந்தைகளைக் கவனித்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வாக்கரில் மொத்தம் 24 மணி நேரம் கழித்தால், குழந்தை தானாக நிற்பது 3.7 நாளும், தானாக நடப்பது 3.3 நாளும் பிந்துவதாகக் கண்டார்கள். தினம் அரைமணி வீதம் இரண்டு மாதம் வைத்தால் 30 மணி நேரம். நாலு நாள் பிந்தும். அது ஒரு பொருட்டல்ல. ஆனால் நம் சம்பந்தி அம்மாளின் அரைமணி நேரம் வெகு சீக்கிரத்தில் மூன்று மணி நேரமாகிவிடும். மூன்று மாதத்துக்கு அது 270 மணி. அந்தக் கணக்கு அப்படியே நீளுமானால் ஒரு மாதத்துக்கு மேல் தாமதம்.

அதனாலும் குடி முழுகிவிடப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம், இந்தியா உள்பட ஐந்து தேசங்களின் குழந்தைகளைப் பார்த்து 2006-ல் ஓர் அளவு வெளியிட்டது. ஆரோக்கியமான குழந்தை எட்டு மாதத்திலும் தானாக நடக்கலாம். பதினேழரை மாதத்திலும் நடக்கலாம். எதிர் வீட்டுக் குழந்தை முந்திக்கொண்டதென்று இந்த வீட்டில் யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

இனிப் பத்திரத்துக்கு வருவோம். அந்தப் பதினெட்டுப் படிகளுக்கும் வருவோம்.

மாடிக் கூடத்துக் கதவைத் திறந்தால் இரண்டடி நடை; அதற்கப்பால் படி. காற்றுக்காகக் கதவு பகலெல்லாம் திறந்தே இருக்கும். மதுரைச் சித்திரை வெயிலில் வேறு எப்படி இருக்க முடியும்? வாக்கரில் உள்ள குழந்தை ஒரு விநாடியில் மூன்று அடிக்கு மேல் போய்விடும். முழங்கால் வலியில்லாத தாயே எட்டிப் பிடிக்க முடியாது. அருகிலே பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த விபத்துக்களில் பெரும்பாலானவை நடக்கின்றன என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தார் சொல்லுகிறார்கள். அந்தத் தேசத்தில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் அடிபட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்த, பதினைந்து மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2,30,000-க்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 74 பேர் மாடிப்படியில் உருண்டவர்கள். நூற்றுக்கு 90 பேருக்குத் தலையிலோ கழுத்திலோ காயம்.

படி விளிம்பில் சக்கரம் தானே நின்றுவிடும்படி தடை வைக்க வேண்டுமென்று அங்கே 1997-ல் ஒரு தரம் வகுத்தார்கள். 2010-ல் அதைக் கட்டாயமாக்கினார்கள். பலன் இல்லாமலில்லை. 1990-ல் 20,650 ஆக இருந்த காயங்கள் 2014-ல் 2,001 ஆகக் குறைந்தன. நம் அட்டைப்பெட்டியை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாட்டு இருக்கிறது, விளக்கு இருக்கிறது, சுழலும் பூ இருக்கிறது. தடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

படியில்லாத வீட்டுக்காரர்களும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தரையில் தவழும் குழந்தையின் கைக்கு எட்டாத பலகாரத் தட்டும், காப்பி டம்ளரும், மேஜை விரிப்பின் நுனியும் வாக்கரில் நிமிர்ந்த குழந்தைக்கு எட்டும். ஒரு சாண் உயரம் கூடினால் வீட்டில் எத்தனை அபாயம் கூடுகிறதென்று, தரையில் உட்கார்ந்து ஒரு தரம் சுற்றிலும் பார்த்தால்தான் தெரியும்.

இந்த இடத்தில் மருமகள் தன் கைச்சரக்கை எடுத்தாள். அவளுடைய மைத்துனர் கானடாவில் இருக்கிறார். 'வெளிநாட்டு வாக்கராக ஒன்று வாங்கி அனுப்பு. அது உறுதியாக இருக்கும்' என்று சம்பந்தி அம்மாள் முதலில் அவருக்குத்தான் சொல்லியனுப்பினாராம். "அம்மா, இங்கே அதை விற்றாலே குற்றம்" என்று பதில் வந்ததாம். அது மெய்தான். 2004 ஏப்ரல் 7 முதல் கானடாவில் வாக்கரை விற்கவும், இறக்குமதி செய்யவும், விளம்பரம் செய்யவும் தடை. உபயோகித்த பழைய வண்டியைப் பக்கத்து வீட்டாருக்கு விற்பதுகூடக் கூடாது. உலகத்திலேயே முதலில் அப்படித் தடுத்த தேசம் அதுதான்.

"அப்படியானால் நடைவண்டி வாங்கலாமா?" என்றார் சம்பந்தி அம்மாள். சண்டையில் தோற்றவர் குரலில் அல்ல. அடுத்த அஸ்திரத்தை எடுப்பவர் குரலில்.

நடைவண்டி நம் ஊர்ச் சரக்கு. தச்சர் கடைந்த மூன்று மரச் சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. குழந்தை அதற்குள் உட்காருவதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. பட்டினப்பாலையிலேயே குதிரையில்லாமல் சிறுவர் உருட்டும் முக்கால் சிறுதேர் வருகிறது. கோழியை விரட்டப் பெண்கள் எறிந்த பொற்குழை அந்த வண்டிக்குக் குறுக்கே கிடந்து வழி மறிக்குமாம். பிள்ளைத்தமிழிலும் சிறுதேர்ப் பருவம் உண்டு. ஆனால் அது ஆண்பாலுக்கு மட்டும். மீனாட்சியம்மைக்குக் குமரகுருபரர் பாடியபோது ஊசலோடு நிறுத்திக்கொண்டார். பெண் குழந்தைக்கு வண்டி கொடுக்க நம் புலவர் மரபுக்கு மனம் வரவில்லை போலும்! அம்மையோ, அரங்கேற்றத்தின்போது அர்ச்சகர் மகளின் உருவில் திருமலை நாயக்கர் சபைக்குத் தானே நடந்து வந்து, அவருடைய முத்துமாலையைக் கழற்றிக் கவிராயர் கழுத்தில் போட்டதாகக் கதை.

சுதேசிச் சாமான் என்பதற்காக நான் நடைவண்டிக்குச் சிபாரிசு செய்யவில்லை. அதில் குழந்தை தானே எழுந்து, தன் பாரத்தைத் தானே தாங்கித்தான் ஓரடி வைக்க வேண்டும்; கைப்பிடியை விட்டால் உட்கார்ந்துவிடலாம். இதுதான் விசேஷம். ஆனால் குறையும் உண்டு. மண் தெருவுக்கும் முற்றத்துக்கும் செய்த வண்டி அது. இப்போதைய வழவழப்பான தளத்தில் வண்டி முன்னே ஓட, குழந்தை பின்னே முகவாய் இடிபட விழும். அடிப்பலகையில் ஒரு மணல் பையை இறுகக் கட்டிவிட்டால் ஓட்டம் குறையும். ஆணி தலை நீட்டிக்கொண்டிருக்கிறதா, சக்கரம் கழன்று வருகிறதா, சாயம் கையில் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எதையும் பிடிக்காமல் நிற்கத் தெரியாவிட்டால் போகிறது. பிடித்துத் தானே எழுந்திருக்கவாவது தெரிய வேண்டும். அதற்கு முன் நடைவண்டியும் வேண்டியதில்லை. நடைவண்டி குழந்தையைக் காவல் காக்கவும் காக்காது. பாட்டியின் முழங்கால் பிரச்னை அப்படியே நிற்கிறது.

அதற்கு வழி வண்டிக் கடையில் இல்லை, தச்சரிடத்தில் இருந்தது. மறுநாள் ஒருவரை அழைத்துவந்து மாடிப்படித் தலைப்பில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு அழிக்கதவு போடச் சொன்னோம். சமையலறை வாசலுக்கும் ஒன்று. கூடத்தில் இருந்த முக்காலியும் இஸ்திரிப் பெட்டியும் அறைக்குள் போயின. ஜமுக்காளத்தை விரித்து, பாட்டிக்கு ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டாயிற்று. இப்போது குழந்தை எங்கே தவழ்ந்தாலும் அந்தக் கூடத்துக்குள்தான். பாட்டி துரத்த வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இரண்டு கதவுக்கும் ஆன செலவு வாக்கர் விலையைவிட அதிகம் என்று பிள்ளையாண்டான் முணுமுணுத்தான். அதுவும் உண்மை. மத்தியானம் ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெருப் பெண்மணி ஒருவரை அமர்த்தியதில் மாதச் செலவும் கூடியிருக்கிறது. ஒன்பது மணி நேரத்தை ஒரு கிழவியின் தலையில் சுமத்திய கணக்கில்தான் ஆரம்பத்திலிருந்தே தப்பு என்று அவனிடம் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை.

நடைவண்டியை ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்புக் கடைகளில் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். வாக்கர் பெட்டியைப் பத்து நாளைக்குள் திருப்பினால் பணம் வாபஸ் என்று ரசீதில் போட்டிருந்தது. ஒன்பதாம் நாள் மருமகள் டெலிபோனில் கூப்பிட்டாள். பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறதாம். குழந்தை அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக எழுந்து நின்றுவிட்டாளாம். பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போகக் கூடாதென்று சம்பந்தி அம்மாள் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

பெட்டிக்குள் இருப்பதை மட்டும் திருப்பிவிட்டு, வெறும் பெட்டியில் பழைய பத்திரிகைகளை நிரப்பி வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.