பென்சிலினும் பெண் படிப்பும்

பெண்களுக்கு மேல்படிப்பு எதற்கு, அதிலும் ஆலையும் கொதிகலனுமாயுள்ள இரசாயன எஞ்சினியரிங் எதற்கு என்று கேட்கும் பெரிய மனிதர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் வேதாந்தம் பேசப்போவதில்லை. நடந்த காரியம் ஒன்றை மட்டும் சொல்லுகிறோம்.

1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் என்பவர் ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து பென்சிலினைக் கண்டார். கண்டுவிட்டால் போதுமா? 1941-ல் ஆக்ஸ்போர்டில் இம்மருந்து போடப்பட்ட முதல் நோயாளிகளில் ஒருவர் ஒரு போலீஸ்காரர். உடம்பு தேறிவரும்போதே மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். போதவில்லை, இறந்துபோனார். நம்மவர்களாயிருந்தால் "விதி முடிந்தது" என்பார்கள். வாஸ்தவத்தில் முடிந்தது மருந்துதானே தவிர விதியல்ல!

மருந்து ஏன் கிடைக்கவில்லை? காற்றில்லாமல் பூஞ்சணம் வளராது. ஆகையால் திரவத்தின் மேற்பரப்பில் மட்டும், புட்டி புட்டியாக வளர்த்தார்கள். ஆழமான தொட்டி முழுவதும் வளர்ப்பதென்றால், கிருமியற்ற காற்றை உள்ளே செலுத்தி, விடாமல் கலக்கி, பிராணவாயு திரவத்தில் கரையும்படி செய்யவேண்டும். எவ்வளவு கரையும், எது தடுக்கும் என்று கணக்கிடுவது மந்திரமல்ல, இரசாயன எஞ்சினியரிங்.

அமெரிக்காவிலே ஹூஸ்டன் நகரத்துத் துணிக்கடைக்காரர் ஒருவரின் மகள் மார்கரெட் ஹட்சின்சன். 1932-ல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அத்துடன் போதுமென்று நில்லாமல், 1937-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். அந்நாட்டில் இத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. அவர் ஆராய்ந்த விஷயம் என்ன தெரியுமா? வாயு திரவத்தில் கரையும்போது ஏற்படும் தடை! பின்பு யுத்த காலத்தில், ஆழ்தொட்டி முறையில் பென்சிலின் செய்யும் முதல் வணிக ஆலையை வடிவமைக்கும் வேலையை நடத்தியவரும் அவரே. செயற்கை ரப்பர், உயர்தரப் பெட்ரோல் ஆகியவற்றிலும் வேலை செய்தார். 1945-ல் அமெரிக்க இரசாயன எஞ்சினியர்கள் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

மேல்படிப்பின் பயன் இதுதான். பெயருக்குப் பின்னால் நாலு எழுத்தை ஒட்டிக்கொள்வதற்கல்ல அது. ஒரு சிறு விஷயத்தை "ஏன், எப்படி" என்று அடிவரையில் கேட்டறிந்தவருக்கு, மருந்தாலையும் ஒன்றுதான், எண்ணெய் ஆலையும் ஒன்றுதான்.

"பெண்ணுக்கு இவ்வளவு போதும்" என்று அவருடைய தகப்பனார் 1932-ல் நிறுத்தியிருந்தால் நஷ்டம் யாருக்கு? அந்தப் பெண்ணுக்கு மட்டுமா? தோழர்களே! உங்கள் மகள் பட்டம் பெற்று வந்து, "இன்னும் படிக்கிறேன்" என்று கேட்கும் நாளில், ஜாதகத்தை எடுக்கப்போகிறீர்களா, விண்ணப்பத்தை எடுக்கப்போகிறீர்களா?