பாய்மரப் படகும் வீட்டுத் தயாரிப்பு ஹெட்செட்டும்: "நிறுத்து" சொல்ற உரிமை யாருக்கு?

1/ ஒருத்தர் "நிறுத்து"ன்னு கத்துறார். காத்துல அது "இழுத்து"ன்னு விழுது. நடுவுல ஓடிட்டு இருக்கிறது நங்கூரத்தோட இரும்புச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்குப் பக்கத்துல ஒருத்தரோட விரல்.

பாய்மரப் படகுக்காரங்க வீட்டிலேயே செஞ்சுக்கிற வயர்லெஸ் ஹெட்செட் பத்தின இழை இது. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ "டாக்டருக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேப்பீங்க. நம்ம புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் தாரிணிங்கிற பாய்மரப் படகுல உலகத்தையே சுத்தி வந்தாங்க. 2024 அக்டோபர் 2 கோவாவுல கிளம்பி, 2025 மே 29 திரும்பினாங்க. 56 அடிப் படகு. ஆள் ரெண்டே பேர். அந்தச் செய்தியைப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரு கேள்வி: இந்தக் காத்துல, ஆளுக்கொரு மூலையில நின்னு எப்படிப் பேசிக்குவாங்க?

3/ அமெரிக்கா, ஐரோப்பாவுல ஓய்வு பெற்ற தம்பதிகள் நிறைய பேர் 35, 40 அடிப் படகுல ஊர் ஊரா போறாங்க. நங்கூரம் போடும்போது ஒருத்தர் முன்முனையில சங்கிலி கிட்ட. இன்னொருத்தர் பின்னாடி சுக்கான்ல. ரெண்டு பேரும் கத்துவாங்க. கரைக்கு வந்தும் சண்டை தொடரும். அதனால இந்த ஹெட்செட்டுக்கு அங்க ஒரு செல்லப் பெயர்: "கல்யாணத்தைக் காப்பாத்துற கருவி"!

4/ ஏன் கத்தினாலும் கேக்கல? திறந்த வெளியில தூரம் ரெட்டிப்பானா சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். நங்கூரம் போடும்போது படகோட மூக்கு காத்தை எதிர்த்து நிக்கும். அப்போ பின்னாடி இருக்கிறவர் பேச்சு எதிர்க்காத்துல போகணும். எதிர்க்காத்துல ஒலி மேல் நோக்கி வளைஞ்சு, கேக்குறவர் தலைக்கு மேல போயிடும். முன்னாடி இருக்கிறவரோ கடலைப் பார்த்துப் பேசுறார். கூடவே இன்ஜின் சத்தம்.

5/ இப்போ காதுக்கு வருவோம். வயசாகும்போது முதல்ல குறையுறது உச்ச அதிர்வெண்ணைக் கேக்கும் திறன். ச, த, ப மாதிரி மெய்யொலிகள் மங்கிப் போகும். அதனாலதான் வீட்டுல பெரியவங்க "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல"ம்பாங்க. கத்தினா உயிரொலிதான் பெருசாகும், மெய்யொலி அவ்வளவா தெளியாது. "நிறுத்து" "இழுத்து" ஆகுறது இப்படித்தான்.

6/ இன்னொண்ணு. கத்துற குரலைக் கோபமாத்தான் நம்ம மூளை எடுத்துக்கும். நெஞ்சு படபடக்கும், கை அவசரப்படும். அவசரப்படுற கை சங்கிலி பக்கத்துல இருக்கக் கூடாது.

7/ சரி, வீட்டுல எப்படிச் செய்றாங்க? ஐரோப்பாவுல உரிமம் தேவையில்லாத 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கிடாக்கி ரெண்டு. மைக் வெச்ச ஹெட்செட் ரெண்டு. மைக்குல காத்தடிக்காம இருக்க ஸ்பாஞ்ச் உறை. தண்ணி படாம ஜிப் கவர். தொப்பியோட சேர்த்து ஒரு டேப். சில பேர் பைக் ஹெல்மெட்டுக்கு விக்கிற புளூடூத் இன்டர்காமைத் தொப்பியில மாட்டிக்கிறாங்க. (ரேடியோ விதி நாட்டுக்கு நாடு மாறும், பார்த்துக்கோங்க.)

8/ இதுல ரெண்டு சிக்கல் இருக்கு. முதல் சிக்கல்: குரல் கேட்டா தானா ஆன் ஆகுற வசதி. காத்துக்கே ஆன் ஆகும். பேசினா முதல் அசையை முழுங்கும். ஆங்கிலத்துல "டோன்ட் புல்"னு சொன்னா "புல்" மட்டும் போய்ச் சேரும்! தமிழ்ல தலைகீழ். நமக்கு மறுப்பு கடைசியில. பட்டனைச் சீக்கிரம் விட்டா "இழுக்காதே"யில முக்கியமானதே காணாமப் போயிடும். அதனால "செய்யாதே" வகையே வேண்டாம். "நிறுத்து, நிறுத்து"ன்னு ரெண்டு தடவை சொல்லுங்க.

9/ ரெண்டாவது சிக்கல்: வாக்கிடாக்கியில ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ரெண்டும் கெடும். 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனரீஃப் தீவு. பனிமூட்டம். ஓடுபாதையில ரெண்டு போயிங் 747. "காத்திருங்க"ன்னு கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன அதே நொடி, "நாங்க இன்னும் ஓடுபாதையிலதான் இருக்கோம்"னு பான் ஆம் விமானமும் பேசுச்சு. கேஎல்எம் விமானிகளுக்குக் கேட்டது ஒரு கீச் சத்தம்தான். 583 பேர் இறந்தாங்க.

10/ ஆனா கதை அதோட முடியல. கேஎல்எம் விமானத்தோட பொறியாளர் "அந்த விமானம் இன்னும் விலகலையோ?"ன்னு உள்ளுக்குள்ளயே கேட்டார். அனுபவம் மிகுந்த கேப்டன் "விலகிட்டாங்க"ன்னுட்டார். அதுக்கு மேல யாரும் பேசல. அதாவது, ரேடியோ தடுத்தது பாதி. பதவி தடுத்தது மீதி.

11/ என் கருத்து இங்கதான். ஹெட்செட் எதுக்கு? சுக்கான்ல இருக்கிறவர் சௌகரியமா உத்தரவு போடவா? இல்ல. சங்கிலியையும் ஆழத்தையும் பார்க்கிறவர் முன்னாடி நிக்கிறவர். அவர் பேசத்தான் அது வேணும்.

நம்ம ஊர் பஸ்ஸைப் பாருங்க. படிக்கட்டைப் பார்க்கிறவர் கண்டக்டர். அவர் ஒரு விசில் அடிச்சா டிரைவர் "ஏன்?"னு கேக்க மாட்டார். பிரேக்ல கால் வைப்பார். அப்புறம்தான் கேள்வி.

12/ இதயம் நின்ன நோயாளிக்குச் சிகிச்சை தரும்போது "அட்ரினலின் 1 மில்லிகிராம்"னு டாக்டர் சொல்வார். "அட்ரினலின் 1 மில்லிகிராம், கொடுத்தாச்சு"ன்னு செவிலியர் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொன்னாத்தான் அது பேச்சு. அதே செவிலியர் "சார், டோஸ் அதிகமா இருக்கே"ன்னு தைரியமா கேக்க முடிஞ்சாத்தான் அது டீம்.

13/ ஆக, செய்ய வேண்டியது:

• ஒரு காதைத் திறந்தே வைங்க. காத்து, இன்ஜின், பக்கத்துப் படகு எல்லாம் கேக்கணும்.
• கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்க.
• "நிறுத்து" யார் சொன்னாலும் நிறுத்துங்க. விளக்கம் பிறகு.
• கை சைகையும் முன்கூட்டியே பேசி வைங்க. பேட்டரி சொல்லிட்டுத் தீராது.
• ஈரமான இயர்போனை மாத்தி மாத்திப் போடாதீங்க. ஈரம் அடைஞ்ச காதுல தொற்று சுலபமா வரும்.

14/ ஹெட்செட் உயிர்காப்புச் சட்டை ஆகாது. தண்ணியில விழுந்தவருக்கு அது வேலை செய்யாது. ஆபத்துன்னா விஎச்எஃப் ரேடியோ சேனல் 16தான். அதை வீட்டுல செஞ்ச கருவியால ஈடுகட்ட முடியாது.

15/ நம்மள்ல பல பேர் பாய்மரப் படகே ஏறப் போறதில்ல. ஆனா லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி நிக்கிற கிளீனர், கிணத்துக்குள்ள இறங்கினவருக்கு மேல கயிறு பிடிக்கிறவர், வார்டுல நேத்து சேர்ந்த செவிலியர்னு "நிறுத்து" சொல்ல வேண்டியவங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க. அவங்க சொன்னா உங்க இடத்துல வேலை நிக்குமா? யோசிச்சுப் பாருங்க, கீழ எழுதுங்க.