பிலேட்ஸ் கட்டிலுக்குக் கால் வைத்தால் என்ன தப்பு?

பிலேட்ஸ் என்றால் சென்னையிலும் பெங்களூரிலும் ஏசி ரூமில் சினிமாக்காரர்கள் செய்கிற ஏதோ ஒன்று என்றுதான் நம்ம பசங்க பலர் நினைக்கிறார்கள். கள்ளக்குறிச்சிக்காரனுக்கு அதில் என்னடா வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கு மக்களே, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தச் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெயர் ரிஃபார்மர். ஒற்றைக் கட்டில் நீளத்துக்கு மரத்திலோ அலுமினியத்திலோ ஒரு சட்டம். அதற்குள் முன்னும் பின்னும் ஓடுகிற மெத்தைப் பலகை. பலகையை இழுத்துப் பிடிக்க நாலைந்து ஸ்பிரிங். பாதத்தை வைத்துத் தள்ள ஒரு கம்பி. படுத்துக்கொண்டு கம்பியைத் தள்ளினால் பலகை நம்மோடு பின்னால் போகும், ஸ்பிரிங் திரும்ப இழுக்கும். எத்தனை ஸ்பிரிங் மாட்டுகிறோமோ அவ்வளவு பாரம். உடம்பு எடை முழுவதும் முட்டியில் இறங்காமலே தொடைத்தசைக்கு வேலை கிடைக்கும். முட்டி தேய்ந்தவர்களுக்குத் தொடைத்தசையைப் பலப்படுத்தச் சொல்லித்தான் பிசியோதெரபிஸ்டுகள் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இது ஹீரோயின்களை விட நம்ம ஊர்ப் பாட்டிகளுக்குத்தான் அதிகம் தேவை.

ஆனால் ஒரு கூத்து பாருங்கள். பல மாடல்களில் இந்தச் சட்டம் தரையை ஒட்டியே கிடக்கும். படுக்கிற பலகை ஏறக்குறைய ஒரு அடி உயரம்தான். அதில் உட்கார வேண்டுமானால் பாதிக் குத்துக்கால் போட வேண்டும். எழுந்திருக்கும்போது அதைவிட மோசம். முட்டிக்குப் பாரம் கொடுக்காத பயிற்சிக்குப் போவதற்கு, முட்டிக்கு அதிகபட்ச பாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகணும்! கல்வராயன் மலையில் விறகுக் கட்டு சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கின அம்மாவையோ, கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டின தாத்தாவையோ அங்கே கூட்டிக்கொண்டு போனால், "நான் வரலப்பா சாமி" என்று வாசலிலேயே திரும்பிவிடுவார்கள்.

இத்தனைக்கும் இதன் பூர்வீகமே கட்டில்தான் என்கிறார்கள். ஜோசப் பிலேட்ஸ் 1883ல் பிறந்த ஜெர்மன்காரர். முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷார் அவரை மான் தீவு முகாமில் அடைத்து வைத்தார்கள். அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. கதையில் மசாலா எவ்வளவோ தெரியாது, ஆனால் 1920களில் அவர் நியூயார்க் போய்ச் செய்த சாமான்களில் காடிலாக் என்ற ஒன்று இன்றும் கட்டில் மாதிரியே நல்ல உயரமான காலோடு நிற்கிறது. தம்பிக்குக் கால் இருக்கலாம், அண்ணனுக்கு இருக்கக் கூடாதா? பெரிய கம்பெனிகள் கால் விற்கத்தான் செய்கின்றன, தனியாக, கூடுதல் காசுக்கு. சக்கர நாற்காலியை விற்றுவிட்டுச் சக்கரத்துக்குத் தனி பில் போடுகிற கதை.

எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரிஃபார்மர் மேல் நின்றுகொண்டு செய்கிற பயிற்சிகளும் உண்டு. ஒரு அடியிலிருந்து விழுவதும் ஒன்றரை அடியிலிருந்து விழுவதும் ஒன்றல்ல. இன்னொன்று, பயிற்சியில் தள்ளுகிற விசை படுக்கைவாட்டில் போகிறது. காலை உயர்த்த உயர்த்தச் சட்டம் ஆடும். நாலு மூலையிலும் செங்கல் அடுக்கி வைத்தால் ஆச்சு என்று நினைக்கிற புத்திசாலிகள் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். முட்டிவலிக்காரர் படுத்துச் செய்ய உயரமானது, இளவட்டங்கள் நின்று செய்ய தாழ்வானது. என் கட்சி இவ்வளவுதான்.

சரி, காலை யார் செய்வது? இங்கேதான் கள்ளக்குறிச்சி வருகிறது :-) நம்ம ஊர் மரச்சிற்பத்துக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி சிலைக்கு விரல் நகம் வரைக்கும் செதுக்குகிற ஊரில் நாலு கால் செய்ய ஆள் இல்லையா? கம்பெனி சட்டத்தில் கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் சட்டமும் பலவீனமாகும், வாரண்டியும் போகும். அதனால் கம்பெனியே விட்டிருக்கிற துளை இருந்தால் அதில் முடுக்கணும். இல்லையென்றால் சட்டம் அப்படியே உட்காருகிற மாதிரி தனி ஸ்டாண்டு. தேக்கோ வேங்கையோ போதும். கால்களுக்கு நடுவே குறுக்குச்சட்டம் கட்டாயம், அதுதான் ஆட்டத்தை நிறுத்தும். ஆணி வேண்டாம், வாஷரோடு நட்டு போல்ட்டு. அடியில் ரப்பர். கடைசியாக ரசமட்டம் வைத்துப் பார்க்கணும், ஏனென்றால் சக்கரப் பலகை சரிவு இருக்கிற பக்கம் தானாகவே ஓடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். முட்டிவலிக்காரரைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, காலைத் தொங்கப்போட்டு நீட்டி மடக்கச் சொல்வது வழக்கமான பயிற்சி. கட்டிலுக்குக் கால் இருப்பதால்தான் அதுவே சாத்தியம். நாளைக்கு மாவட்டத்தில் ஒரு பிசியோதெரபி அறைக்கு ரிஃபார்மர் வந்தால், வாங்குகிற பட்டியலிலேயே காலையும் சேர்த்து எழுதணும். நல்ல சாமான் லட்சத்தைத் தொடும். அவ்வளவு கொடுத்துவிட்டு யாரும் உட்கார முடியாமல் மூலையில் கிடந்தால் யாருக்கு நஷ்டம்?

உயரம் எவ்வளவு என்று ஆசாரி கேட்பார். வெளிநாட்டு அளவை அப்படியே சொல்லாதீர்கள். நம்ம பாட்டிகள் பலருக்கு 18 அங்குல நாற்காலியிலேயே பாதம் தரையில் முழுசாகப் படியாது. வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற குள்ளமான பாட்டியை உட்காரவைத்து, தரையிலிருந்து முட்டி மடிப்பு வரை டேப் வைத்து அளந்து, ஒரு அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள். அளவு பலகையின் மெத்தைக்கு, சட்டத்துக்கு இல்லை. உட்காரும்போது எல்லா ஸ்பிரிங்கையும் மாட்டியிருக்கணும், இல்லாவிட்டால் பலகை நழுவிப் பாட்டி தரையில் இருப்பார்.