நுரை வந்தா போதுமா?

எந்தப் பண்ணைக்குப் போனாலும் மரத்தடியில ஒரு நீல டிரம் இருக்கு. மூடியைத் திறந்து, குச்சியால ரெண்டு சுத்து சுத்தி, "பாருங்க, எப்படி நுரைச்சு நிக்குதுன்னு" என்று பண்ணைக்காரர் காட்டுவார். வந்தவரும் குனிந்து மோந்து பார்த்துட்டு, "அருமையா வந்திருக்குங்க" என்பார். ஜீவாமிர்தமோ, அமுதக்கரைசலோ, கம்போஸ்ட் டீயோ, நம்ம தரச்சோதனை அத்தோடு முடிஞ்சுபோகுது. அது போதாது என்பதுதான் என் கருத்து.

மூக்கை நான் குறை சொல்லவில்லை. அழுகின முட்டை நாற்றம் அடிச்சா, காற்றில்லாமல் கரைசல் கெட்டுப்போச்சு என்று அர்த்தம். மட்கின உரத்தில் மழை பெய்த மண் வாசம் வந்தால், ஆக்டினோமைசீட்ஸ் வகை நுண்ணுயிர்கள் அதில் வேலை செய்திருக்கின்றன. இதெல்லாம் அனுபவத்தில் வந்த அறிவு, விட்டுவிடக் கூடாது. ஆனால் நுரை வேற கதை. பயறு மாவில் உள்ள புரதமும், நொதிக்கும்போது கிளம்பும் வாயுவும் சேர்ந்தால் நுரை வரும். உள்ளே பெருகியது நல்லதா, கெட்டதா என்று நுரை பிரித்துச் சொல்லாது.

"அப்ப லேப்ல கொடுத்து எண்ணிப் பார்த்துடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். திரவ உயிர் உரம் என்றால் ஒரு மில்லியில் குறைந்தது 10 கோடி உயிர்கள் இருக்கணும் என்று நம்ம நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அசோஸ்பைரில்லம் மாதிரி ஒரே இனத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கும்போது அந்தக் கணக்கு சரி. நம்ம டிரம்மில் இருப்பது பல இனம் கலந்த கூட்டம். லேப் தட்டில் வளர்த்து எண்ணும் முறையில், மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களில் மிகச் சிறு பங்குதான் முளைத்துக் கண்ணில் படும். முளைத்ததும் பயிருக்கு உதவுமா என்பதை எண்ணிக்கை சொல்லாது. அதனால, "எங்க கரைசல்ல இத்தனை கோடி இருக்கு" என்று யாராவது பாட்டிலை நீட்டினால், விலையைக் கேட்பதற்கு முன்னால் "எந்த உயிர், எந்த வேலைக்கு?" என்று கேளுங்க.

இதுக்கு நம்ம வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கு. செலவே இல்லை. உங்க வயல் மண்ணை மூணு தொட்டியில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் 50 பாசிப்பயறு ஊன்றுங்க. முதல் தொட்டிக்கு வெறும் தண்ணி. இரண்டாவதுக்கு நீங்க வழக்கமா கலக்கிற அளவில் கரைசல். மூணாவதுக்கு அதே கரைசலை நல்லா கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வற்றின அளவுக்குத் தண்ணி சேர்த்து, அதே அளவில் ஊற்றுங்க. 12 நாள் கழித்து முளைப்பு எண்ணிக்கை, உயரம், வேர் மூணையும் பாருங்க. எந்தத் தொட்டி எதுன்னு தெரியாத ஒருத்தரை அளக்கச் சொல்வது நல்லது. நம்ம ஆசை நம்ம கண்ணை மறைக்கும்.

கொதிக்க வைத்ததும் வைக்காததும் ஒரே மாதிரி வளர்ந்து, ரெண்டுமே தண்ணியை மிஞ்சினால், வேலை செய்தது பெரும்பாலும் கரைந்த சத்துதான். கொதிக்காதது மட்டும் முந்தினால், உயிர்களுக்கு அதில் பங்கு இருக்கலாம். மூணும் சமம் என்றால், அந்த மண்ணுக்கு அந்த அளவில் கரைசல் தேவைப்படவில்லை. தண்ணித் தொட்டியே ஜெயித்தால், கரைசல் கெட்டிருக்கு, இல்லைன்னா கடுமையா இருக்கு. கொதிக்க வைத்தாலும் சாகாத வித்துயிர்கள் உண்டு, வெப்பத்தில் அழியும் வளர்ச்சிப் பொருள்களும் உண்டு. ஆகவே இது கடைசித் தீர்ப்பு இல்லை. ரெண்டு மூணு தடவை செய்து பாருங்க. அப்புறம் வயலிலும் ஒரு பாத்தியைக் கரைசல் இல்லாமல் விட்டு ஒப்பிடுங்க.

இந்தத் தொட்டிச் சோதனையிலும் தெரியாத ஒன்று இருக்கு. அதைப் பேசத்தான் நமக்குச் சங்கடம். மாட்டுச் சாணத்தில் ஈ.கோலை சாதாரணமாகவே இருக்கும். பெரும்பாலானவை தீங்கு செய்யாது. சில வகைகள் ஆளைப் படுக்க வைத்துவிடும். அதுக்குத் தனி வாசமும் இல்லை, நிறமும் இல்லை. நாம ஊற்றுகிற வெல்லம் நல்ல உயிருக்கு மட்டும் தீனி இல்லை. அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தர வாரியம் அமைத்த கம்போஸ்ட் டீ பணிக்குழு 2004-ல் இதைத்தான் எச்சரித்தது: மொலாசஸ் போன்ற சேர்க்கைப் பொருள்கள் ஈ.கோலையையும் பெருக்கலாம், அப்படிச் செய்த கரைசலைச் சோதித்த பிறகே பயன்படுத்தணும் என்று. அங்கே பச்சைச் சாணம் போட்டால், மண்ணில் படும் விளைபொருளை 120 நாள் கழித்துத்தான் அறுவடை செய்யலாம்.

அதுக்காக ஜீவாமிர்தத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நெல்லுக்கும் தென்னைக்கும் பாசன நீரோடு தாராளமா விடுங்க. கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, தக்காளி என்று பச்சையாகச் சாப்பிடுகிற எதன்மேலும் பச்சைச் சாணக் கரைசலைத் தெளிக்காதீங்க. இலைவழி தெளிக்கணும்னா, நல்லா சூடேறி மட்கின உரத்தை வெல்லம் சேர்க்காமல் தண்ணியில் ஊறவைத்து, வடிகட்டித் தெளிங்க. சூடேறியது என்றால், 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் இருந்து, அதுக்குள்ள 5 தடவையாவது புரட்டிய குவியல்.

நஞ்சில்லா உணவு என்று சொல்லித்தான் நாம விற்கிறோம். நம்பி வாங்குகிற தாய் அந்தக் கொத்தமல்லியை அப்படியே துவையல் அரைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறார். நம்ம கரைசலில் குறை இருக்கான்னு முதல்ல நாமதான் தேடணும். வேற யாராவது கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருந்தால், ஒரு பண்ணையின் பெயர் மட்டும் கெடாது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு மூணு தொட்டி கொண்டு வாங்க. கரைசல் தோற்றிருந்தாலும் மறைக்காமல் கொண்டு வாங்க.