என் அகராதி எனக்கு என்பவர்களுக்கு

கருத்தரங்கு, பட்டிமன்றம், புத்தக வெளியீடு என்று எந்த மேடையானாலும் இந்த வசனம் ஒருமுறையாவது வந்துவிடுகிறது: "சொல்லுக்குப் பொருள் அவரவர் வைப்பதுதான். ஊரார் வைத்த பொருளை அப்படியே வாங்கிக்கொள்கிறவனுக்குச் சுயசிந்தனை கிடையாது." உடனே கைதட்டல். பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கைதட்டுகிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சொந்தமாக யோசிக்க வேண்டும் என்ற ஆசையோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு, யோசிக்காமல் தப்பிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இவர்கள் அடுக்கும் காரணங்களைப் பார்ப்போம். சொற்களின் பொருள் காலத்தால் மாறவில்லையா என்கிறார்கள். மாறியது. 'நாற்றம்' நறுமணமாக இருந்த காலம் உண்டு. அதைப் பல தலைமுறை மக்கள் பேசிப் பேசி மாற்றினார்கள். யாரோ ஒரு பேச்சாளர் ஒரு மாலைக் கூட்டத்தில் மாற்றிவிடவில்லை. கவிஞன் சொல்லுக்குப் புதுப்பொருள் தருவதில்லையா என்கிறார்கள். பழைய பொருள் நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தப் புதுமை நமக்கு உறைக்கிறது. அறிவியலைக் காட்டுகிறார்கள். சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பவர் செய்யும் வேலை சுழி என்று இயற்பியல் சொல்வது உண்மைதான். ஆனால் 'வேலை' என்றால் இங்கே இன்னது என்று பாடத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். கணக்கு தப்பான பிறகு பொருளை மாற்றுவதில்லை.

கடைசியாக ஒன்றை வைத்திருக்கிறார்கள். சிந்தனையாளர்கள் எல்லோரும் சொற்களைத் தம் வழிக்கு வளைத்தவர்களாம். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அம்பேத்கரை எடுத்துக்கொள்வோம்.

1936இல் லாகூரில் சாதி ஒழிப்புக்காக இயங்கிய ஜாத் பாத் தோடக் மண்டல் என்ற அமைப்பு தன் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதியிருந்த உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் ஒரு வரியையும் விட்டுக்கொடுக்கவில்லை. மாநாடு நடக்கவில்லை, உரையை அவர் தம் செலவிலேயே நூலாக வெளியிட்டார். 'சாதி ஒழிப்பு' என்று நாம் அறிந்திருக்கும் நூல் அதுதான்.

அந்த நூலில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. ஆரிய சமாஜத்தார் அப்போது நால்வருணத்துக்குப் புதுப்பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ஒருவர் பிராமணர் ஆவதும் சூத்திரர் ஆவதும் குணத்தால்தான், பிறப்பால் அல்ல. அம்பேத்கர் கேட்டார்: குணம்தான் அளவுகோல் என்றால் அந்த நான்கு பெயர்கள் எதற்கு? பிராமணர் என்ற பட்டம் இல்லாமல் கற்றவரை மதிக்க முடியாதா? அந்தப் பெயர்கள் புழங்கும்வரை கேட்பவர் மனத்தில் பிறப்பின் ஏற்றத்தாழ்வுதான் எழும். புது எண்ணத்தைக் கொண்டுவர நினைப்பவர்கள் புதுப்பெயர் வைக்க வேண்டும் என்றார்.

அதே ஆண்டு ஜூலையில் காந்தி 'ஹரிஜன்' இதழில் பதில் எழுதினார். வருணம் வேறு, சாதி வேறு என்றார். முன்னோர் தொழிலைச் செய்து பிழைப்பதே வருணம், எல்லாத் தொழிலும் சமமே என்பது அவர் தந்த பொருள். அம்பேத்கர் அந்தப் பொருளை அப்படியே எடுத்துக் காந்தியின் வீட்டிலேயே உரசிப் பார்த்தார். பனியா என்ற வணிகச் சாதியில் பிறந்த காந்தி தராசைத் தொடவே இல்லை, வழக்கறிஞர் ஆனார், அதையும் விட்டு அரசியலுக்கு வந்தார். கடைசி மகனோ பிராமணப் பெண்ணை மணந்துகொண்டு, பத்திரிகை முதலாளி ஒருவரிடம் வேலை பார்க்கிறார். (அந்தப் பெண் ராஜாஜியின் மகள் லட்சுமி.) சொந்த வீட்டிலேயே நிற்காத பொருளை நாட்டுக்கு எப்படிச் சொல்வது? பிறப்புவழித் தொழில்தான் வருணம் என்றால், அது சாதிக்கு இன்னொரு பெயர் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை என்று முடித்தார்.

இந்த விவாதத்தில் சொல்லுக்குத் தனிப்பொருள் வைத்துக்கொண்டவர் யார், ஊர் அறிந்த பொருளில் ஊன்றி நின்றவர் யார் என்று பாருங்கள். ஊன்றி நின்றவர்தான் ஒரு நாட்டின் நம்பிக்கை முழுவதையும் எதிர்த்துத் தனியாக நின்றார். 'சாதி' என்றால் சேரியில் இருப்பவருக்கும் அக்கிரகாரத்தில் இருப்பவருக்கும் ஒரே பொருள்தான் தெரியும். அதனால்தான் அவர் அடித்த அடி விழுந்தது. தமக்கென ஓர் அகராதி வைத்துக்கொண்டு அவர் எழுதியிருந்தால், லாகூர்க்காரர்கள் உரையைத் திருத்தச் சொல்லியிருக்கவே மாட்டார்கள்.

பொருளைப் புரட்டும் இந்த வித்தை புதிதும் அல்ல. பழைய தர்க்க நூலான நியாய சூத்திரம் 'சலம்' என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறது. அந்த நூலுக்கு எழுதிய உரையில் வாத்ஸ்யாயனர் ஓர் உதாரணம் தருகிறார். ஒருவன் நவகம்பளம் வைத்திருக்கிறான் என்று சொல்லப்படுகிறது. சொன்னவர் கருதியது புதுக்கம்பளம். வடமொழியில் நவ என்பதற்கு ஒன்பது என்றும் பொருள் உண்டு என்பதால் எதிராளி, "ஒன்றுதானே இருக்கிறது, ஒன்பது எங்கே?" என்று மடக்குகிறான். அதை அன்றைய தர்க்கவாதிகள் ஏமாற்று என்றுதான் வகைப்படுத்தினார்கள். அதற்கு நேர்மாறாக, நம் சைவ சித்தாந்தி அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பாகத்தையே பிறர் மதங்களுக்கு ஒதுக்கி, அவரவர் கொள்கையை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். அந்தக் காலத்து வாதிகளுக்கு இருந்த இந்த ஒழுங்குகூட இன்றைய மேடையில் இல்லை. கம்பளக் கதையின் எதிராளியாவது அடுத்தவர் சொல்லைத்தான் புரட்டினான். இவர்கள் தாங்களே சொன்ன சொல்லைப் புரட்டுகிறார்கள்.

ஒரு கூட்டத்தில் கண்ணெதிரே பார்த்தேன். சமத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவரிடம் ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, உங்க வீட்ல வேலை செய்யற அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரே டம்ளரா?" என்று கேட்டார். அவர் தயங்கவே இல்லை. "தம்பி, சமத்துவம்னா நீங்க நினைக்கிற அர்த்தம் இல்ல. அவங்கவங்களுக்கு உரியதை அவங்கவங்களுக்குக் கொடுக்கறதுதான் சமத்துவம். இது என் சிந்தனை." கைதட்டினார்கள். மாணவர் உட்கார்ந்துவிட்டார். அந்த அரங்கில் சொந்தமாக யோசித்த ஒரே ஆள் அவர்தான். எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இனி யாராவது மேடையில் "என் அர்த்தம் வேறு" என்றால், அந்த மாணவரைப் போல உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த வேறு அர்த்தம் என்ன என்று முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு, அவர் தொடக்கத்தில் பேசிய வாக்கியத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, இந்த அர்த்தத்தை வைத்து, ஒலிபெருக்கியில் இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள்.