பழைய டிஸ்கவரியும் ஓய்வூதியப் பணமும்

இன்னின்ன இடத்தில் இன்னின்ன கோளாறு வரும் என்று உலகத்துக்கே தெரிந்திருந்தும் ஒரு வாகனத்தைத் தேடிப்போய் வாங்க ஆட்கள் இருக்கிறார்கள் என்றால், அது பெரும்பாலும் லாண்ட் ரோவராகத்தான் இருக்கும். 1948 ஏப்ரலில் அம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வெளிக்காட்டப்பட்ட நாளிலிருந்து அதற்கு ஓர் அடியார் கூட்டம் உண்டு. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியதால் அலுமினியத்தில் அதன் உடலைச் செய்தார்கள். பிற்காலத்தில் அதுவே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. எமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் துரைமார் ஏறித் திரிந்த வாகனங்களில் அதுவும் ஒன்று. அந்த நினைவு இலங்கையர் மனதை விட்டு இன்னமும் அகலவில்லை. விற்பவர்கள் அந்த நினைவுக்கும் சேர்த்தே விலை சொல்கிறார்கள்.

இதை எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர். முப்பது ஆண்டுகள் அங்கு உழைத்து ஓய்வுபெற்றவர். ஊருக்குத் திரும்பி, ஒட்டுசுட்டான் பக்கத்தில் காடு மண்டிக் கிடக்கும் தகப்பனாரின் காணியைத் திருத்தி அங்கேயே இருந்துவிட எண்ணுகிறார். அதற்குத் துணையாக, கொழும்பில் விற்பனைக்கு வந்திருக்கும் 2001 ஆம் ஆண்டு டிஸ்கவரி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஓய்வுபெற்றபோது மொத்தமாகக் கையில் கிடைத்த தொகையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். அவருடைய துணைவியார் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, நான் சொன்னால் இவர் கேட்கமாட்டார். நீங்களாவது ஒருக்கால் சொல்லுங்கோ" என்றார். கணவன் மனைவிக்கு இடையிலான விவகாரத்தில் பத்திரிகையாளன் மூக்கை நுழைப்பது விவேகமன்று. ஆயினும் இதே எண்ணத்தோடு ரொறன்ரோவிலும் பாரிஸிலும் பலர் இருப்பதை நான் அறிவேன் என்பதால், பொதுவாகவே சொல்லிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். கோளாறுகள் தெரிந்த வாகனம் என்பதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது வாங்குபவருக்கு ஓர் அனுகூலம். அந்தக் கோளாறுகளை விலையில் கழிக்காமல் வாங்குவதுதான் பிழை. இலங்கைச் சந்தையில் இன்று எவரும் கழிப்பதாகத் தெரியவில்லை.

முதலில் வாகனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். டிஸ்கவரி 1989 இல் வந்தது. நாம் பேசும் இரண்டாவது டிஸ்கவரி 1998 தொடக்கம் 2004 வரை இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. இந்த ஆறு ஆண்டுகளுக்குள் நிறுவனமே கைமாறியது. தொடங்கியபோது பி.எம்.டபிள்யூ.விடம் இருந்தது, 2000 இல் ஃபோர்ட்டிடம் போனது. 2008 இல் டாட்டா வாங்கியது எல்லோரும் அறிந்த கதை. இரண்டு வகை இயந்திரங்கள் இருந்தன. ஒன்று பெற்றோலில் ஓடும் வி8. அது அமெரிக்காவின் பியூக் நிறுவனம் கைவிட்ட அலுமினிய இயந்திரத்தை 1960களின் நடுப்பகுதியில் ரோவர் நிறுவனம் உரிமை வாங்கி, திரும்பத் திரும்ப வளர்த்தெடுத்தது. இனிமையாக ஓடும், தாராளமாகக் குடிக்கும். சூடேறினால் தலைக் கஸ்கெற் போகும். சில இயந்திரங்களில் சிலிண்டரின் உட்குழாய் தளர்ந்து, இயந்திரம் சூடான பிறகு 'டிக் டிக்' என்று ஒலிக்கத் தொடங்கும். அந்த ஒலி கேட்டால், வாங்க வந்தவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு விடைபெறலாம். எமது வெயிலுக்கும், எரிபொருளுக்கு நாம் கொடுக்கும் விலைக்கும் வி8 பொருந்தாது என்பதோடு அதை விட்டுவிடுகிறேன்.

மற்றது ரிடி5 எனப்படும் ஐந்து சிலிண்டர் டீசல் இயந்திரம், இரண்டரை லீற்றர் கொள்ளளவு. நண்பர் பார்த்திருப்பது இதைத்தான். நல்ல இயந்திரம் என்றே சொல்வேன். பராமரித்தால் நீண்ட தூரம் ஓடும். அதற்கும் தனக்கென்று சில வியாதிகள் உண்டு. உட்செலுத்திகளுக்குப் போகும் மின்கம்பிக் கற்றை இயந்திரத்தின் மேல்மூடிக்குள்ளே எண்ணெயில் நனைந்தபடியே இருக்கிறது. காலப்போக்கில் எண்ணெய் அந்தக் கம்பிகளின் வழியே மெல்ல ஊர்ந்து கணினிப் பெட்டியின் செருகிவரை போய்ச் சேரும். வாகனம் விக்கி விக்கி ஓடும். விடயம் தெரியாத கராஜ்காரர் உட்செலுத்தி, பம்பி என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசைக் கரைப்பார். தெரிந்தவர் கணினியின் சிவப்புச் செருகியைக் கழற்றிப் பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டதும் கம்பிக் கற்றையை மட்டும் மாற்றுவார். செலவில் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். முற்கால ரிடி5 இயந்திரங்களில் தலையையும் உடலையும் பொருத்தி நிறுத்தும் முளைகள் பிளாஸ்ரிக்கால் செய்யப்பட்டிருந்தன. தலை அசைந்து கஸ்கெற் பழுதாவதற்கு அது ஒரு காரணம். பின்னர் உருக்கு முளைகள் வந்தன. எண்ணெய்ப் பம்பியைச் சுழற்றும் பற்சில்லின் ஆணி கழன்று இயந்திரமே பாழாகிய வரலாறும் உண்டு. இவையெல்லாம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதற்குப் பற்றுச்சீட்டு இருக்கவேண்டும். "எல்லாம் செய்தாயிற்று" என்ற வாய்ச்சொல் பற்றுச்சீட்டாகாது.

ஆனால் இயந்திரத்தைவிட என்னைக் கவலைப்படுத்துவது அடிச்சட்டகம். வெளித்தகடுகளில் பெரும்பகுதி அலுமினியம் என்பதால் வாகனம் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் மினுமினுக்கும். அதைத் தாங்கும் சட்டகமோ உருக்கு. இரண்டாவது டிஸ்கவரியின் பின்பகுதிச் சட்டகம் துருப்பிடிப்பதற்குப் பேர்போனது. பின் சில்லுகளுக்கு மேலாக வளைந்து செல்லும் பகுதியில் சேறு தேங்கும், ஈரம் தங்கும், உள்ளிருந்து அரிக்கும். குளிர்காலத்தில் உப்புத் தூவும் பிரித்தானிய வீதிகளில் ஓடிய வாகனமென்றால் சொல்லவே வேண்டாம். கடற்காற்று வீசும் எமது ஊர்களும் இதில் சளைத்தவையல்ல. வாகனத்தை உயர்த்தியில் ஏற்றி, சிறிய சுத்தியலால் பின்னிருந்து முன்னாகத் தட்டிக்கொண்டு வரவேண்டும். கணீரென்று ஒலிக்கும் இடம் நல்ல இடம், மந்தமாக ஒலிக்கும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினால் சில வேளைகளில் உள்ளே போய்விடும். விற்பனைக்கு முதல் வாரம் புதிதாகக் கறுப்புத் தார் பூசப்பட்ட சட்டகத்தைக் கண்டால், பூசியவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்டுப் பார்க்கவேண்டும். இயந்திரம் போனால் இன்னோர் இயந்திரம் வைக்கலாம். சட்டகம் போனால் அந்த வாகனத்தில் மிஞ்சுவது கதவும் ஆசனமும்தான்.

இன்னொன்று, ஆங்கிலேயர்கள் வேடிக்கையாக 'மூன்று நண்பர்கள்' என்று பெயரிட்டிருக்கும் மூன்று எச்சரிக்கை விளக்குகள். தடுப்பு, இழுவைக் கட்டுப்பாடு, இறக்கத்தில் வேகக் கட்டுப்பாடு ஆகிய மூன்றுக்குமான விளக்குகள் ஒருங்கே எரியும். சில்லுக் குடத்தில் உள்ள உணரியோ, ஏபிஎஸ் தொகுதிக்குள் இருக்கும் ஓர் ஆளியோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். சாவியைத் திருப்பியதும் இந்த மூன்றும் ஒரு கணம் எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ புண்ணியவான் குமிழைக் கழற்றியிருக்கிறார் என்று கொள்க.

இங்கேதான் நண்பரின் வாதம் குறுக்கிடுகிறது. "நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஆட்கள். இதெல்லாம் எங்களுக்கு ஒரு விடயமே?" என்கிறார். உண்மைதான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. அப்போது யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும், ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெய்ப் புகை கக்கியபடி நோயாளிகளையும் பிரசவத்துக்குப் போகும் தாய்மாரையும் ஏற்றிச் சென்றன. அந்தக் கைவினைஞர்களுக்கு எவரும் விருது கொடுத்ததில்லை. கொடுத்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் வென்றது கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு விளங்கிக்கொள்ளக்கூடிய பொறியை. கார்புரேற்றரைப் பிரித்துப் போடலாம், தகரத்தை வெட்டி வைக்கலாம். ரிடி5 இன் உட்செலுத்திகளைக் கணினி ஆள்கிறது. அதனோடு பேசுவதற்கு உரிய கருவி கையில் இல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இருட்டில் தடவுபவர்தான். ஏ40 ஐக் காப்பாற்றிய கெட்டித்தனம் டிஸ்கவரியையும் காப்பாற்றும் என்று நம்பிப் பணத்தைப் போடுவதை என்னால் ஏற்கமுடியவில்லை.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரித்தானியாவில் இந்த வாகனத்தின் பெறுமதி வேகமாகச் சரிந்ததற்குக் காரணம் அதன் கோளாறுகள் எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான். இலங்கையில் நடந்தது வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் நாடே வங்குரோத்தானது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் புது வாகனம் வராத நாட்டில், நான்கு சில்லும் ஒரு சுக்கானும் உள்ள எதற்கும் விலை ஏறியது. தடை நீங்கிய பிறகும் கடும் வரிகளால் பழைய விலைகள் முற்றாக இறங்கவில்லை. நல்ல வாகனமும் நோயுற்ற வாகனமும் ஒரே ஏணியில் ஏறிய காலத்தின் விலையைத்தான் நண்பரிடம் இன்று கேட்கிறார்கள். அவரோ பவுண்ஸில் பெருக்கிப் பார்த்து, "இலண்டனில் ஒரு புது வாகனத்தின் விலைகூட இல்லை" என்று ஆறுதல் அடைகிறார். அவர் ஒப்பிடவேண்டியது அதே பழைய டிஸ்கவரி இலண்டனில் என்ன விலைக்குப் போகிறது என்பதோடு.

உதிரிப்பாகம் அடுத்த சங்கடம். பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஜப்பானிய வாகனங்களின் பாகங்கள் மலையாகக் குவிந்து கிடக்கும். லாண்ட் ரோவருக்கு அந்த வசதி இல்லை. பெரும்பாலும் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். மருமக்கள் விடுமுறைக்கு வரும்போது பெட்டிக்குள் உணரியும் கம்பிக் கற்றையும் கொண்டுவருவார்கள் என்பது நண்பரின் திட்டம். மருமக்கள் ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள். வாகனம் அவர்களுக்காகக் காத்திருந்து பழுதாகப் போவதில்லை.

அப்படியானால் வாங்கவே கூடாதா? எதற்காக என்பதைப் பொறுத்தது. ஏ9 வீதி இன்று 'கார்பெற்' வீதி. சாதாரண காரே போதும். மாரிகாலத்தில் காணிக்குள் இறங்கும் அந்தக் கடைசித் துண்டுப் பாதைக்கு ஊரில் எல்லோரும் நம்பியிருப்பது லாண்ட்மாஸ்ரரையும் உழவு இயந்திரத்தையும்தான். வாடகைக்கும் கிடைக்கும். வீட்டில் இன்னொரு வாகனம் நின்று, டிஸ்கவரி ஆசைக்காக நிற்குமென்றால் நான் தடுக்கமாட்டேன். ஆசைக்கும் வயதெல்லை வைக்க நான் யார்? ஆனால் அவசரத்துக்கு முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய ஒரே வாகனம் அதுதான் என்றால் வேண்டாம். மனைவிக்கு இரத்த அழுத்தம் இருக்கும் வீட்டில் 'மூன்று நண்பர்கள்' எரிகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

லாண்ட் ரோவர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் 1994 க்கும் 1998 க்கும் இடைப்பட்ட 300 ரிடிஐ இயந்திரம் பொருத்திய பழைய டிஸ்கவரியையோ டிஃபென்டரையோ தேடலாம். அதற்கும் துரு உண்டு, ரைமிங் பெல்ற்றைக் கணக்காக மாற்றவேண்டும். ஆயினும் பெரும்பாலும் கணினியில்லாத அந்த இயந்திரத்தை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு டீசல் மெக்கானிக் பிரித்துப் பூட்டிவிடுவார். வயது கூடிய வாகனம் வயது குறைந்ததைவிட உகந்ததாக அமையும் அபூர்வமான சந்தர்ப்பம் இது.

எதை வாங்கினாலும் விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது திருத்த வேலைக்கென்று வேறாக எடுத்து வைக்கவேண்டும். அது இல்லாவிட்டால் வாங்கும் தகுதி இல்லை என்றே கொள்ளலாம். பணம் கைமாறும் முன்னர் சட்டக இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவோடு ஒப்பிடவேண்டும். ரிடி5 ஐக் கழற்றிவிட்டு ஜப்பானிய இயந்திரத்தைப் பூட்டிய வாகனங்களும் ஓடுகின்றன. அதில் பிழையில்லை, பதிவில் மாற்றப்பட்டிருக்க வேண்டும். பதிவு உரிமையாளர் ஒருவர், விற்பவர் வேறொருவர், நடுவில் கையொப்பமிட்ட வெற்றுப் படிவம் என்ற 'ஓப்பின் பேப்பர்' வியாபாரமாக இருந்தால், பதிவு உரிமையாளரை நேரில் பார்க்காமல் முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம் என்று நண்பருக்கு எழுதியிருக்கிறேன். உயர்த்தியில் ஏற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் கடிதத்தின் மிகுதியைப் படிக்கவேண்டிய தேவையும் அவருக்கு இருக்காது.