பானை உறி

ஆறாம் வகுப்பு மகள், பழுப்பேற்றிய தாளில் தன் பெயரை எகிப்திய எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். ஏ என்றால் கழுகு, எம் என்றால் ஆந்தை. பெயரிலுள்ள ழகரத்துக்கு ஒரு தாழ்ப்பாள், ஒரு முறுக்குத்திரி: இஸட், ஹெச்! எகிப்தியர் உயிரொலிகளை எழுதவேயில்லை. படம் ஓரிடத்தில் ஒலி, ஓரிடத்தில் சொல், ஓரிடத்தில் வெறும் பொருட்குறி. 1822இல் சாம்போலியன் கண்டறிந்ததே அதைத்தான். அதை விட்டுவிட்டு ஸ்டிக்கர் விளையாட்டா என்று கோபம் வந்தது.

ஆனால், திட்டும் யோக்கியதை நமக்கு உண்டா? அவர்களாவது பிள்ளைகளை சான் ஹோசே எகிப்திய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். வளைகுடாப் பகுதியில் நாம் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில், 'மூத்த மொழி' என்று மேடையில் முழங்குவதோடு சரி. தமிழ்-பிராமியில் ஓர் எழுத்தையாவது காட்டியிருக்கிறோமா? அசோகன் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன ஒலிகளுக்குத் தனிக்குறி செய்துகொண்ட எழுத்து அது. செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில் அதே எழுத்து இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதை 'பானை ஒறி' என்று படித்தார். ஒறி என்றால் உறிதான். ராஜா பெயரல்ல, விருதுப் பட்டமல்ல; அடுக்களைச் சாமான். எகிப்து மண்ணில், நம் எழுத்தில்!

பாடத்திட்டக் கூட்டத்தில் சொன்னேன். "ஆண்டுவிழா ஒத்திகை இருக்கே சார், நேரமில்லை" என்றார்கள். ஒரு சினிமாப் பாட்டைக் குறையுங்கள். ஓட்டின் படம் ஒன்று, வெள்ளைப்பலகை, இருபது நிமிடம். நானே வந்து நடத்துகிறேன்.

வீட்டில் மகளுக்குக் காட்டினேன். "உறின்னா என்னப்பா?" என்றாள். கராஜில் கிடந்த நைலான் கயிற்றைத் தேடி எடுத்தேன்.